வடசென்னை வீட்டுக்கு முதல் பாம்பு எது?

“பாம்பு வளர்க்கணும், எதில் ஆரம்பிக்கலாம்?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைக் காட்டித்தான் கேட்கிறார்கள். கடந்த மே மாதம் வியாசர்பாடியில் இருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இரண்டு படங்களை அனுப்பினார். ஒன்றில் பொன்மஞ்சள் நிறத்தில் பால் பைதான் (ball, அதாவது பந்து மலைப்பாம்பு), இன்னொன்றில் செக்கச்செவேலென்று கார்ன் ஸ்னேக். “அண்ணா, ரெண்டில் எது?” நான் திருப்பிக் கேட்டேன்: “வீட்டுக்கு மேலே என்ன, தளமா ஷீட்டா? மழைக்கு உள்ளே தண்ணி ஏறுமா? ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா வைக்க அம்மா விடுவாங்களா?”

பாம்பைப் பற்றிக் கேட்டால் வீட்டைப் பற்றிக் கேட்கிறாரே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். தண்டையார்பேட்டையில் ஒன்பது வருடமாகப் பாம்பு வைத்திருக்கிறேன். இங்கே ஒரு பாம்பு பிழைக்குமா என்பதைப் பாதி அதன் இனம் முடிவு செய்கிறது, மீதியை வீடு முடிவு செய்கிறது. வெளிநாட்டுக் கையேடுகள் குளிர்கிற வீடுகளுக்காக எழுதப்பட்டவை. பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். கத்திரி வெயிலில் அதை எப்படிக் குளிர வைப்பது என்று ஒரு பத்திகூட இருக்காது. நமக்கு வேண்டியது அந்தப் பத்திதான்.

## நம்மூர்ப் பாம்பு இந்தப் பட்டியலில் இல்லை

கொடுங்கையூர்ப் பக்கம் பிடித்த சாரைக்குட்டி, பக்கிங்காம் கால்வாய் ஓரம் கிடைத்த தண்ணீர்ப் பாம்பு, “வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம்” என்று யாரோ விற்க வரும் மண்ணுளி, இவை எதையும் நான் ஒப்பிடப் போவதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட பிறகு சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த அட்டவணையில் உள்ள உயிரினத்தின் மேல் கை வைத்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மண்ணுளிக்கு இரண்டு தலை என்பதும் லட்சக்கணக்கில் விலை போகும் என்பதும் ஏமாற்று வேலை. அதன் வால் மழுங்கலாக இருப்பதால் தலை மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான்.

சட்டத்தை விடுங்கள், உயிர் பயமும் இருக்கிறது. கட்டுவிரியனைப் போலவே உடம்பில் பட்டை போட்ட விஷமில்லாத பாம்பு நம் வீட்டுச் சுவர்களிலேயே திரிகிறது. “இது விஷமில்லாதது, எனக்குத் தெரியும்” என்று கையில் எடுத்தவர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வந்து படுத்த கதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். அதை நீங்கள் பிடிக்க வேண்டாம்.

ஆகவே நாம் பேசப்போவது வெளிநாட்டைச் சேர்ந்த, விஷமில்லாத, வளர்ப்பிலேயே பொரித்த அல்லது பிறந்த பாம்புகளைப் பற்றி மட்டும்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் முதலில் வருவது காகிதம். இந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது என்று விற்பவரால் எழுத்தில் காட்ட முடிகிறதா? 2023 ஜனவரியில் பாங்காக்கில் இருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளைச் சுங்கத்துறை திறந்தபோது 45 பால் பைதான்களும் 8 கார்ன் ஸ்னேக்குகளும் உள்ளே இருந்தன. துணிப்பையில் அடைத்து, தண்ணீர் காட்டாமல் இப்படிக் கடத்தி வருவதில் பிடிபடாதவைதான் “புது ஸ்டாக் வந்திருக்கு” என்று செல்போனில் படமாக நம்மை வந்து சேர்கின்றன. மலிவாகக் கிடைக்கிற பாம்பு ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று யோசித்தே ஆக வேண்டும்.

அடுத்தது வெயில். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது சாதனை அளவு என்றாலும், 38, 39 டிகிரி மே மாதத்தில் நமக்குச் சாதாரணம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே, மொட்டைமாடி அறையில், அது இன்னும் ஏறும். பாம்பால் தன் உடம்புச் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ள முடியாது. ஒதுங்க நிழல் வேண்டும். 35 டிகிரிக்கு மேல் போகிற பெட்டியில் ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொண்டால் எந்த இனமும் தாங்காது.

மூன்றாவது ஈரப்பதம். கடலை ஒட்டிய ஊர். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் உப்புப் பொட்டலம் கசிவதைப் பார்த்தாலே காற்று எப்படி என்று தெரியும். இது சில பாம்புக்கு வரம், சில பாம்புக்கு நோய்.

அப்புறம் தீனி, அதைச் சேமிக்கும் இடம், பாம்பின் ஆயுள், கூட இருப்பவர்களின் சம்மதம். ஆயுளைப் பலர் யோசிப்பதே இல்லை. 20 வயதில் வாங்கினால் வேலை, கல்யாணம், குழந்தை, வாடகை வீடு மாறுதல் எல்லாவற்றிலும் அந்தப் பெட்டி கூடவே வரும்.

## கார்ன் ஸ்னேக்

அமெரிக்காவின் தென்கிழக்கில், ஃப்ளோரிடா பக்கம் உள்ள பாம்பு. அந்த ஊரும் வெயிலும் புழுக்கமும்தான். அதனால் நம் ஊர்க் காற்று இதற்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. சோளக் களஞ்சியங்களில் எலி தேடித் திரிந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். வளர்ந்தால் 3 முதல் 5 அடி. உடம்பு மெலிசு, கட்டை விரல் கனத்தைவிடக் கொஞ்சம் கூட. 15 முதல் 20 வருடம் இருக்கும்.

பெட்டியின் சூடான பக்கம் 28 முதல் 31 டிகிரி, மறுபக்கம் 23, 24 இருந்தால் போதும். நம் வீட்டில் பிப்ரவரி கடைசியில் இருந்து செப்டம்பர் வரை அறையே சூடான பக்கமாகிவிடும், குளிர்ந்த பக்கத்தைத்தான் நாம் உண்டாக்க வேண்டும். நான் செய்வது இது: பெட்டியைத் தரையில், மொசைக் மேல், ஜன்னலில்லாத சுவரோரம் வைப்பேன். உள்ளே ஒரு உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, வெளிப்பக்கத்தைக் காலையும் மதியமும் தண்ணீர் தொட்டுத் துடைப்பேன். மண்சட்டி ஈரத்தை விட்டுக்கொண்டே குளிரும். பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதேதான். மே மாத மதியத்தில் சட்டிக்குள் வெளியைவிட மூன்று டிகிரி குறைவாகத் தெர்மாமீட்டர் காட்டுகிறது.

குட்டிக்கு வாரம் ஒரு சின்ன எலிக்குஞ்சு, அதைப் பிங்கி என்பார்கள். வளர்ந்ததற்குப் பத்து பதினாலு நாளைக்கு ஒரு சுண்டெலி. வருடத்துக்கு 26-இல் இருந்து 36 எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். தீனியில் இது அடம் பிடிப்பது அபூர்வம். முதல் முறை வளர்ப்பவருக்கு இதுதான் பெரிய நிம்மதி. பாம்பு சாப்பிடாத ஒவ்வொரு வாரமும் தூக்கம் போகும் என்பதை வளர்த்தவர்கள் அறிவார்கள்.

குறை என்ன? தப்பிப்பதில் கெட்டிக்காரன். குட்டி பென்சில் அளவு இடுக்கில் நுழைந்துவிடும். வடசென்னையில் சந்துக்குச் சந்து பொதுச்சுவர், ஒரு வீட்டுக் கழிவுநீர்க் குழாய் இன்னொரு வீட்டில் போய் முடியும். உங்கள் பாம்பு பக்கத்து வீட்டுச் சமையலறையில் தலை நீட்டினால் அடித்துத்தான் போடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பூட்டு வைத்த பெட்டி இல்லாமல் இந்தப் பாம்பை வாங்க வேண்டாம்.

சட்டப்படி இன்னொரு விஷயம்: கார்ன் ஸ்னேக் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அதனால் கீழே பால் பைதானுக்குச் சொல்லும் பதிவு இதற்குப் பொருந்தாது. அதற்காக வெளிநாட்டில் இருந்து எவரும் எடுத்து வரலாம் என்று அர்த்தமில்லை. இறக்குமதி அனுமதி இதற்கும் வேண்டும். இங்கேயே பொரித்த குட்டி என்றால் யாரிடம், எப்போது பொரித்தது என்ற எழுத்துடன் ரசீது கேளுங்கள்.

## பால் பைதான்

அழகில் இதை மிஞ்ச ஆளில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும், அதனால்தான் பெயர். கடிப்பது அரிது, நடை மெதுவு, கையில் எடுத்தால் கனமாக, நிதானமாக இருக்கும். நீளம் 3 முதல் 5 அடிதான், ஆனால் உடம்பு முழங்கை கனத்துக்கு வரும்.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இது எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் வாழ்கிறது. ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவாக இருக்கும் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்த என் ஆயா, இதைக் கேட்டதும் “அதானே, பாம்புன்னா புத்துலதானே இருக்கணும்” என்றார். அவர் சொன்னதில்தான் இந்தப் பாம்பை வளர்க்கும் சூட்சுமமே இருக்கிறது. இதற்கு விசாலமான இடத்தைவிட, உடம்பு நாலு பக்கமும் உரசுகிற ஒடுங்கிய இருட்டு இடம்தான் முக்கியம். சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று என இரண்டு ஒளிவிடம் வேண்டும். பெரிய கண்ணாடித் தொட்டியில் நடுக்கூடத்தில் வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் தட்டிப் பார்த்தால் அது தின்பதை நிறுத்திவிடும்.

நிறுத்துவது என்றால் வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில். நல்ல ஆரோக்கியமான பால் பைதான்கூட இரண்டு மூன்று மாதம் எலியைத் திரும்பிப் பார்க்காது. எடை குறையாத வரை பயமில்லை என்பது அனுபவசாலிக்குத் தெரியும். புதியவர் பதறி, தினம் ஒரு எலியை நீட்டி, கையில் எடுத்து எடுத்துப் பார்த்து, இன்னும் பயமுறுத்திவிடுவார். எர்ணாவூரில் இருக்கும் என் நண்பர் தன் முதல் வருடத்தில் இதில்தான் தவித்தார். பெட்டியை மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்து, பத்து நாள் தொடாமல் விட்டதும் தின்னத் தொடங்கியது.

ஈரப்பதம் 60-இல் இருந்து 80 சதவீதம் வேண்டும். சென்னைக் காற்றே அதைக் கொடுத்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் ஈரத்துக்காகப் படும் பாடு நமக்கு இல்லை. சூடான பக்கம் 31, 32 டிகிரி. அதனால் கார்ன் ஸ்னேக்கைவிட இது நம் வெயிலுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ஆனால் 35-க்கு மேல் இதற்கும் ஆபத்துதான். மார்கழி, தை இரவுகளில் 21, 22 டிகிரிக்கு இறங்கும்போது தெர்மோஸ்டாட் (சூடு அளவைத் தாண்டினால் தானே நிறுத்தும் கருவி) போட்ட ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) கட்டாயம். குளிரில் தின்ற எலி செரிக்காமல் வெளியே வந்துவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் வயிற்றைச் சுட்டுவிடும், இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

இப்போது காகிதம். பால் பைதான் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையிலும் வருகிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாளுக்குள். கைமாறினாலும், குட்டி போட்டாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். “அதெல்லாம் யாரும் பண்றதில்லை” என்று விற்பவர் சொல்வார். அவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து, குட்டி மலைப்பாம்பு என்று நினைத்துப் புகார் கொடுத்தால் வனத்துறையிடம் காட்ட உங்கள் கையில்தான் தாள் இருக்க வேண்டும். இந்தப் பாம்பின் திட்டுத்திட்டான உடம்பு நம்மவர்கள் கண்ணுக்கு மலைப்பாம்பாகவோ கண்ணாடி விரியனாகவோதான் தெரியும். வீட்டைவிட்டு வெளியே போனால் அதன் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆயுள் 20, 30 வருடம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961-இல் வந்து சேர்ந்த ஒரு பால் பைதான், 60 வயதைக் கடந்தபின், 2020-இல் 7 முட்டை இட்டது. பதினைந்து வருடத்துக்கு மேலாக அதன் பக்கம் ஆண் பாம்பே இல்லை. அந்த வயதுக்கு எல்லாம் வராது என்றாலும், 30 வருடத்துக்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும்.

## கென்ய சாண்ட் போவா

ஒன்றரையில் இருந்து மூன்றடிக்குள் நின்றுவிடும், ஆண் இன்னும் சின்னது. நாள் முழுக்க மணலுக்குள் புதைந்திருந்து கண்ணை மட்டும் நீட்டும். சின்னப் பெட்டி போதும், சத்தமில்லை, தப்பும் ஆசையும் குறைவு. ஹவுசிங் போர்டு வீட்டின் ஒற்றை அறைக்கு இதுதான் பொருத்தம் என்று காகிதத்தில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என் முதல் பாம்பு இதுதான். ரசீது கேட்கத் தெரியாமல், ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, டீ கப்பில் வைத்து வாங்கி வந்தேன். ஐப்பசி மழை தொடங்கியதும் மணல் ஈரம் கோத்தது. மூச்சு விடும்போது லேசாகச் சீறல் கேட்டது, வாயோரம் நுரை. அது நெஞ்சுச் சளி என்று எனக்குப் புரியப் பத்து நாள் ஆனது. வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போனபோது தாமதமாகிவிட்டிருந்தது. விற்றவர் செல்போனை எடுக்கவே இல்லை. அந்தக் குட்டியின் சாவுக்குப் பாதிப் பொறுப்பு என்னுடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துப் பாம்பு இது. காற்று காய்ந்திருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோரத்தில் அதை உண்டாக்க, காற்றோட்டமான பெட்டியும் சின்ன ஃபேனும் மழை நாளில் அறைக்கு டீஹியூமிடிஃபையரும் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) வேண்டியிருக்கும். சூடு மட்டும் என்றால் மற்ற இரண்டைவிட நன்றாகத் தாங்கும். இதுவும் சைட்டிஸ் பட்டியலில் உள்ளதுதான், அதே பதிவு உண்டு. கூடவே நம்மூர் மண்ணுளிக்கு நெருங்கிய உறவு. இரண்டையும் பிரித்தறியாதவர் கண்ணில் பட்டால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள்.

கலிஃபோர்னியா கிங் ஸ்னேக்கையும் சிலர் கேட்கிறார்கள். வளர்ப்பு கார்ன் ஸ்னேக் போலத்தான். ஆனால் பசியில் கையைக் கவ்வும், இன்னொரு பாம்போடு சேர்த்து வைத்தால் அதைத் தின்றுவிடும். முதல் பாம்பாக வேண்டாம் என்பேன்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| எதைப் பார்ப்பது | கார்ன் ஸ்னேக் | பால் பைதான் | கென்ய சாண்ட் போவா |
|---|---|---|---|
| வளர்ந்த நீளம் | 3–5 அடி, மெலிசு | 3–5 அடி, பருமன் | 1½–3 அடி |
| ஆயுள் | 15–20 வருடம் | 20–30 வருடம் | 15–20 வருடம் |
| மே மாத வெயில் | கவனம் அதிகம் தேவை | ஓரளவு தாங்கும் | நன்றாகத் தாங்கும் |
| மழைக்கால ஈரம் | சமாளிக்கும் | பிடிக்கும் | சளி பிடிக்கும் |
| தீனி | அடம் குறைவு | மாதக்கணக்கில் மறுக்கும் | பரவாயில்லை |
| வருடத்துக்கு எலி | 26–36 சுண்டெலி | 13–26 எலி | சுமார் 26 சுண்டெலி |
| பரிவேஷ் பதிவு | இல்லை | உண்டு | உண்டு |
| தப்பும் பழக்கம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு |

## விலைச் சீட்டில் எழுதாத செலவுகள்

பாம்பின் விலை ஒருமுறைதான். பின்னால் வருவதுதான் நீளம்.

மின்சாரம் முதலில். 16 வாட் ஹீட் மேட் ஒரு நாளில் பாதி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்டைத் தாண்டாது. பயப்பட வேண்டியது ஏசிக்குத்தான். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். மதியம் ஐந்து மணி நேரம் பாம்புக்காக ஓட்டினால் இரண்டு மாதத்தில் 300 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500 யூனிட் கோட்டைத் தாண்டினால் பில் எப்படி எகிறும் என்று வீட்டில் கட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஃப்ரீசர் அடுத்தது. எலியை உயிரோடு போடக் கூடாது. மூலையில் மாட்டிய எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறும். வளர்ப்பு வெள்ளை எலியை உறைய வைத்துச் சேமித்து, முதல் நாள் இரவே கீழ்த்தட்டில் இறக்கி, மறுநாள் கவரோடு வெந்நீரில் சூடேற்றி, நீள இடுக்கியில் கொடுப்பதுதான் முறை. இட்லி மாவும் வஞ்சிரத் துண்டும் இருக்கிற ஃப்ரிட்ஜில் இதற்கு எந்த அம்மாவும் இடம் தர மாட்டார், தரவும் வேண்டாம். பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று தனியாக வேண்டும். கொளத்தூரிலும் பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் விசாரித்து, மாதம் தவறாமல் வளர்ப்பு எலி தரக்கூடிய ஒருவரை முதலில் பிடியுங்கள், பாம்பை அப்புறம் வாங்கலாம். தெருவில் பொறி வைத்துப் பிடித்த எலி வேண்டவே வேண்டாம். எந்த வீட்டு எலி மருந்தைத் தின்றதோ தெரியாது.

கொசு இங்கே நிரந்தரம், அதனால் கொசுவர்த்தியும் கரப்பான் ஸ்ப்ரேயும் எல்லா வீட்டிலும் உண்டு. பாம்பு இருக்கும் அறையில் இரண்டும் கூடாது. நாப்தலின் உருண்டையும் கூடாது. மாநகராட்சிப் புகை வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எறும்பு இன்னொரு தொல்லை. மிச்ச எலிக்கு வரும் எறும்பு குட்டிப் பாம்பையும் கடிக்கும். பெட்டியை மேசையில் வைப்பவர்கள் மேசைக் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். பெட்டிக்குள் விரிக்க விலையுயர்ந்த மரத்தூள் தேவையில்லை. நம் ஈரத்தில் அது பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாள் போதும், ஈரம் விரும்பும் பால் பைதானுக்குத் தேங்காய் நார்த்தூள்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ படுக்கையில் உள்ள முதியவரோ வீட்டில் இருந்தால் நன்றாக யோசியுங்கள். ஆரோக்கியமாகத் தெரியும் பாம்பும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், பெட்டிச் சாமானைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பதும் கண்டிப்பான விதி.

மழைக்காலத்துக்கும் ஏற்பாடு வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, மூடி பூட்டிய பெட்டியை அப்படியே தூக்கி மாடி வீட்டில் வைத்தேன். மாடி வீட்டு அக்காவிடம் அதற்கு ஒரு வருடம் முன்பே சொல்லி, பாம்பைக் காட்டிப் பழக்கியிருந்ததால்தான் அது முடிந்தது.

## எந்த வீட்டுக்கு எது

தளம் போட்ட வீட்டில் தரைத்தளமோ நடு மாடியோ, தீனிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, பகலில் ஒருவராவது வீட்டில் இருக்கிறார் என்றால் கார்ன் ஸ்னேக். முதல் முறை வளர்ப்பவர் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

பொறுமை இருக்கிறது, தின்னாமல் கிடந்தால் பதற மாட்டேன், பதிவுக்கு அலையத் தயார், வீடு சொந்தம் என்றால் பால் பைதான். வாடகை வீட்டில் இருப்பவர் ஹவுஸ் ஓனரிடம் சொல்லாமல் இதை வைக்க வேண்டாம். ஒரு நாள் தெரிந்தால் பாம்போடு சேர்ந்து நீங்களும் வெளியே நிற்பீர்கள்.

சாண்ட் போவா கடலில் இருந்து தள்ளி, கொளத்தூர், மாதவரம் பக்கம், காற்றோட்டமான காய்ந்த அறை உள்ளவருக்கு. அதிலும் ஒரு மழைக்காலம் முழுக்க ஈரப்பதமானியை அந்த அறையில் வைத்துப் பார்த்தபிறகு.

ஷீட் வீடு, மொட்டைமாடி அறை, வருடா வருடம் தண்ணீர் ஏறும் தெரு என்றால் எதுவும் வேண்டாம். இதைச் சொல்லும்போது மனசு கஷ்டப்படுகிறது. பணம் குறைந்த வீடுகள்தான் பெரும்பாலும் அப்படி இருக்கின்றன, பாம்பின் மேல் உண்மையான பிரியம் உள்ள பையன்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கிண்டி பாம்புப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் 1972-இல் தொடங்கியது. திருவொற்றியூரிலோ வண்ணாரப்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம், அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அடையாளம் காணக் கற்றுக்கொண்டால், அது தெருவுக்கே உதவும்.

வியாசர்பாடித் தம்பியின் அறை மூன்றாவது மாடியில், ஷீட்டுக்குக் கீழே. பாம்பை விட்டுவிட்டு முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னேன். ஒரு வாரம் மதியம் இரண்டு மணிக்கு எழுதி அனுப்பினார்: 39, 40, 40, 38, 41, 40, 39. அடுத்த வருடம் அக்கா கல்யாணமாகிப் போனதும் தரைத்தளத்து அறை அவருக்கு வருகிறது. தெர்மாமீட்டரை அங்கே மாற்றி வைத்திருக்கிறார். நேற்று மதியம் 33 காட்டியதாம்.